களத்துப் பிள்ளையாரும் இறங்காத எண்ணும்

மயிலாடுதுறைப் பக்கத்தில் எங்கள் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் கறுத்துவிட்டது. மழைக்கு முன்னால் கொள்முதல் நிலையத்தில் சேர்க்காவிட்டால் அத்தனையும் நனைந்து முளைவிட்டுவிடும். அப்பா வானத்தைப் பார்ப்பதும் நெல்லைப் பார்ப்பதுமாக இருந்தார். நானும்தான்.

வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிற திமிரில், அப்பாவின் போனுக்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஈரப்பத மீட்டர் காட்டுவதை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். இதுவரை வந்ததில் பெரிய எண், சிறிய எண் இரண்டை மட்டும் அது நினைவில் வைத்து, வித்தியாசத்தைக் காட்டிக்கொண்டே வரும். மற்றதையெல்லாம் அப்போதே மறந்துவிடும். வித்தியாசம் குறைவென்றால் நெல் ஒரே சீராகக் காய்ந்திருக்கிறது, மூட்டை பிடிக்கலாம்.

அப்பா கிளறினார், அளந்தார். வித்தியாசம் எக்கச்சக்கம். மறுபடி கிளறி, கணக்கைப் புதிதாக ஆரம்பித்தார். அப்போதும் அதே கதை.

"நெல்லு கையில சலசலங்குதும்மா, ஒன் புரோகிராம் ஒத்துக்க மாட்டேங்குது!"

"புரோகிராம் சரியாத்தாம்ப்பா இருக்கு. நீங்க எங்க அளக்குறீங்க? என் கண்ணு முன்னாடி அளங்க."

நேராகக் களத்து மூலைக்குப் போனார். அங்கே தண்ணீர் தெளித்து, அறுகம்புல் செருகி வைத்த சாணிப் பிள்ளையார். அவர் காலடியிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார்.

"ஐயோ அப்பா! அது சொதசொதன்னு இருக்கு!"

"மொதக் கை சாமிக்கு. அத விட்டுட்டு எதையும் அளக்கப்படாது."

அந்த ஒரு பிடிதான் பெரிய எண்ணாக ஏறி உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு காய்ந்த நெல் வந்தாலும் இறங்கவில்லை. கத்தினேன், கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புரோகிராமை மாற்றினேன். முதல் எண்ணை வாங்கிக்கொள்ளும், கணக்கில் சேர்க்காது. மறுபடி அளந்ததும் வித்தியாசம் சட்டென்று ஒன்றுக்கு வந்தது.

"சாமி கணக்கு உள்ள போச்சா?"

"போச்சு, போச்சு. மூட்டையப் புடிங்க!"

தூறல் விழும்போது கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வந்தது. அலுவலர் முதல் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஈரநெல். நடுவில் அறுகம்புல். வழித்துணைக்கென்று பிள்ளையாரையும் மூட்டையில் போட்டுக் கட்டியிருக்கிறார் அப்பா! எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அலுவலர் அந்தப் பிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதனமாக அதே மூட்டையில் திரும்பப் போட்டார். "அடுத்த மூட்டையக் காட்டுங்க" என்று அதிலிருந்து அள்ளி மீட்டரில் வைத்தார். சரியாக இருந்தது. எடை போடச் சொன்னார்.

அப்பா மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"அவருக்கு யாரும்மா புரோகிராம் எழுதிக் குடுத்தா?"