டிஃபரென்ஷியலில் மில் கிரீஸ்

இருளப்பசாமிக்கு வாயைவிடக் கை முந்தும். மேஸ்திரியின் பல்லை உடைத்ததில் ஒரு மில் வேலை போனது. இப்போது ராஜபாளையத்தில் வேறொரு நூல் மில்லில் ஃபிட்டர். அந்தக் கை அடங்கிக் கிடப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். கான்சாபுரத்தில் சௌந்தரபாண்டியனின் தரிசு நிலத்தில் ரிமோட் கார் பந்தயம். அங்கேயும் போன மாதம் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“இன்னொரு தடவ கை நீட்டுன, இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது” என்று சௌந்தரபாண்டியன் சொல்லிவிட்டார். அந்த நிலத்தை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

இந்த ஞாயிறு பந்தயத்தில் முந்தி ஓடியது அவன் வண்டிதான். கடைசி வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்ற, வண்டி தவங்கியது. பின்னால் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வேல்பாண்டியின் கார் அதை ஏறி மிதித்துக் கவிழ்த்தது. இருளப்பசாமி எடுத்துப் பார்த்தான். இரண்டு பின்சக்கரங்களுக்கும் வேகத்தைப் பங்கு வைக்கிற டிஃபரென்ஷியல் பெட்டி பிசுபிசுவென்று ஒழுகிக்கொண்டிருந்தது.

காலையில் தன் வண்டிப் பக்கத்தில் வேல்பாண்டி குந்தியிருந்தது ஞாபகம் வந்தது. போதாதா?

“ஸ்க்ரூவக் கழட்டித்தாம்ல ஜெயிப்பியா?”

“ஒன் வண்டிய எவம்ல தொட்டான், கிறுக்கா?”

இருளப்பசாமியின் முதல் குத்திலேயே வேல்பாண்டியின் உதடு கிழிந்தது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, ரிமோட்டின் விசையை இழுக்கிற ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கம் மடக்கினான். முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம். வேல்பாண்டி அலறினான். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் இருளப்பசாமியின் கால் அவன் விலாவைத் தேடித் தேடி உதைத்தது.

“பிரிச்சுப் பாருங்கண்ணே” என்றான் வேல்பாண்டி, ரத்தத்தைத் துப்பிவிட்டு. “இப்பவே பிரிங்க.”

சௌந்தரபாண்டியன் பெட்டியைப் பிரித்தார். திருகாணிகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. உள்ளே கசிவை அடைக்கிற ரப்பர் வளையம் ஊறி உப்பி, பள்ளத்தை விட்டுப் பிதுங்கியிருந்தது. விரலில் தொட்டு மோந்தார்.

“ஏலே, இது மில்லு கிரீஸுல்லா?”

அந்தப் பெட்டிக்குள் ஊற்றுகிற சிலிக்கான் ஆயில் தீர்ந்துபோய், இருளப்பசாமி மில்லில் சுற்றுகிற எதற்கும் அப்புகிற கிரீஸையே அள்ளி அடைத்திருந்தான். கெட்டியாக இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று கணக்கு. மில்லில் அவன் கை பட்டதெல்லாம் இரும்பு. அந்த கிரீஸ் ரப்பரை உப்ப வைத்து வெளியே ஒழுகிவிடும் என்பது தெரியாது.

இருளப்பசாமி மண்டியிட்டுக் கன்னத்தைக் காட்டினான். “அடில. எம்புட்டு வேணும்னாலும் அடி.”

“எந்தக் கையால அடிக்கச் சொல்லுத?”

சௌந்தரபாண்டியன் வேல்பாண்டியை பைக்கில் ஏற்றிக்கொண்டார். “நான் ஆஸ்பத்திரில விட்டுட்டு வாரப்ப நீ இங்க இருக்கக் கூடாது. இனிமேலும்தான்.”

பல்சக்கரங்கள் புழுதியில் சிதறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவனைச் சுற்றி அடுத்த பந்தயத்துக்கு ஆட்கள் வந்து நின்றார்கள்.

“செத்த தள்ளுங்கண்ணே” என்றான் ஒருவன். “வண்டி விடணும்.”