மேடே இல்லாத ரோடு

முப்பத்தொரு வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் தெருவில் டிரைவர் என்றால் அவர்தான். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்க ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லப்போய் சைக்கிள் வாங்கினார். நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை மிதித்தே போவது என்கிற கிறுக்கில் கொண்டுபோய் விட்டது அது. துணைக்கு வந்தவர் மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரர். "தனியா விட்டா அவரு யார் பேச்சையும் கேக்க மாட்டாரு, நீயும் போ" என்று அக்கா துரத்திவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ஓட்டம்தான் இருப்பதிலேயே நீளம். நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர், நடுவில் தங்க இடமில்லை. பாதியில் ஏதாவது பெட்ரோல் பங்கில் படுத்துக்கொள்ளலாம் என்றார் மைத்துனர்.

"நான் ஓட்டின ரோடு மாப்ளே. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். ஒரு மேடு கிடையாது."

ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். அறுபது கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு எதிர்க்காற்று எழுந்தது. ரோடு பார்த்தால் தட்டை, மிதித்தால் மேடு. டிரைவர் இரண்டு முறை இறங்கி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றியது.

தொண்ணூறாவது கிலோமீட்டரில் மைத்துனர் ஒரு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வலது முட்டி வீங்கியிருந்தது.

"அத்தான், உங்க தட்டை ரோடு இன்னும் எவ்வளவு தூரம்?"

டிரைவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரோடு நீளத்துக்கும் சரிந்து கிடந்தது. தூரத்தில் ஒரு லாரி கீழேயிருந்து முக்கி முக்கி ஏறி வந்தது. அத்தனை வருஷமும் அவர் கண்ணாடியில் பார்த்தது பின்னால் வரும் வண்டியைத்தான், ரோட்டை இல்லை.

"மேடுதான்," என்றார். "ஏறினது எஞ்சினு, எனக்கு உறைக்கல. தப்பு என்னோடதுதான்."

சண்டைக்கு வரிந்து கட்டியிருந்த மைத்துனர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தான் வாயில் அந்த வார்த்தையை முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கேட்டதில்லை.

"அக்காகிட்ட சொன்னா நம்ப மாட்டா," என்றார்.

டிரைவர் சிரித்துக்கொண்டே மைத்துனரின் பைகளையும் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டினார். "நான் முன்னாடி போறேன். என் முதுகை ஒட்டியே வா, காத்து தெரியாது. வலிச்சா குரல் கொடு."

நான்கு மணிக்கு அந்தத் தடத்து பஸ் பின்னாலிருந்து வந்தது.

"கை காட்டி நிறுத்தறேன், நீ ஏறிக்கோ மாப்ளே. நான் வந்து சேர்றேன்."

"வேணாம் அத்தான். நூத்திப்பத்து வந்தாச்சு. இப்ப ஏறினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, தண்ணீர் குடித்து, முட்டியைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நூற்றிருபதைத் தாண்டியதும் ரோடு மறுபக்கம் இறங்கியது. மிச்ச தூரத்துக்கு அதிகம் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்கு முன்பே ஊர் வந்துவிட்டது. விடுதியில் அறை மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மைத்துனர் நொண்டுவதைப் பார்த்து, மேனேஜர் கீழே துணிமணி அடுக்கும் அறையை ஒழித்து இரண்டு மெத்தை போட்டுக்கொடுத்தார்.

இரண்டு நாள் ஓய்வு என்று டிரைவரே சொன்னார். வழி பார்க்கும் வேலையை மைத்துனரிடம் விட்டுவிட்டார். இருபத்திரண்டாம் நாள் மறுகரை போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போட்டோ எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை. படத்தில் இரண்டு சைக்கிள்களும் கடலும்தான் இருக்கின்றன.