தம்பி கல்யாணப் பத்திரிகைக்கு நான் வைத்த அச்சு

ரப்பர் ஸ்டாம்ப் என்றாலே எல்லோருக்கும் தாலுக்கா ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது. டொக்கென்று ஒரு குத்து, ஊதா நிறத்தில் ஒரு வட்டம், பாதி எழுத்து தெரியும், பாதி அப்பியிருக்கும். நான் செய்வது அந்த வேலை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போய்விட்டது. பூ, கோலம், மயில் என்று ரப்பரில் செதுக்கிய அச்சுகளை வைத்து வாழ்த்து அட்டை, தாம்பூலப் பை, பரிசுப் பொருளில் கட்டும் சீட்டு எல்லாம் செய்கிறேன். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டு மாடி அறைதான் எனக்குப் பட்டறை. "சின்னப் புள்ளைங்க வெளாட்டு" என்று பெரியம்மா சொல்வாள். அவள் பேத்தியின் பிறந்தநாள் என்றால் மட்டும் அந்த விளையாட்டு வேண்டியிருக்கும்.

என்னைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து ஏன் வந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது என் சொந்த எரிச்சல், அதற்கு வேறு காகிதம் வேண்டும். வந்தேன், கோர்ட்டில் முடித்துக்கொண்டேன், தாலியைக் கழற்றி அம்மாவின் பீரோவில் வைத்தேன். நான் கிளம்பி வந்த அன்றைக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தவன் என் தம்பி. "எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன், நீ வாக்கா" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் ஓட்டினேன்.

அவனுக்குக் கீரப்பாளையத்தில் பெண் அமைந்தது. தையில் கல்யாணம், திருவந்திபுரத்தில் மண்டபம். நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாடியேறி என்னிடம்தான் வந்தான்.

"பத்திரிகையில மேல அந்தத் தோரணம், தவுலு, நாயனம் எல்லாம் நீ ஸ்டாம்ப்புலயே வச்சுக் குடுக்கா. பிரஸ்ல அடிச்சது மாதிரி இருக்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அசந்துடணும்."

"வச்சுத் தரேன்டா. அப்போ முடிச்சு?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய கூடப்பிறந்தவள் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்று பேர். அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். தாலியைக் கழற்றி வைத்தவள் இன்னொருத்தி கழுத்துத் தாலிக்கு முடிச்சு போடலாமா என்று குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பட்டுப்புடவை வேண்டாம், சீர் வேண்டாம், முன்வரிசை நாற்காலி வேண்டாம். அந்த இரண்டு முடிச்சு வேண்டும்.

"இதென்ன கேள்வி? நீதான் போடணும். வேற யாரு இருக்கா எனக்கு?" என்றான்.

அச்சு செய்யச் சிதம்பரத்துக்கே போனேன். அங்கே ஒரு கடையில் நான் வரைந்து கொடுப்பதைக் கோடு பிசகாமல் ரப்பரில் எடுத்துத் தருகிறார்கள். வேண்டாத ஊர்தான், என்ன செய்வது, வேலை நன்றாக இருக்கிறதே. மாவிலைத் தோரணம் ஒன்று, தவிலும் நாயனமும் ஒன்று என்று வாங்கிக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படுவதற்குள் பஸ் ஏறினேன்.

புது ரப்பரில் மை ஒட்டாது. மேலே வழுவழுப்பாக ஒன்று படிந்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டால்தான் மை பிடிக்கும். படத்தைச் சுற்றி வேண்டாத ரப்பர் விளிம்பு இருந்தால் அதிலும் மை ஏறி, தாளில் அசிங்கமாக ஒரு கோடு விழும். அதைக் கத்தியால் ஓரமாக நறுக்க வேண்டும். இதெல்லாம் செய்து அச்சைத் தயார் பண்ணி வைத்தேன். தம்பி அட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆர்ட் கார்டு.

"ஏன்டா, சொரசொரப்பா இருக்குற தாள்லதான் அடிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"பெரியம்மாதான்க்கா பளபளன்னு இருந்தாத்தான் லட்சணம்னு சொன்னாங்க. பிரஸ்ல எழுத்தெல்லாம் அடிச்சும் குடுத்துட்டான்."

அச்சுக்கு மை தொட்டுக்கொள்ள என்னிடம் இருப்பது நல்ல பேட். ஆபீஸ் பேட் மாதிரி தண்ணீர் மை இல்லை, கெட்டி மை. அச்சு துல்லியமாக விழும், நிறம் வெளுக்காது. ஆனால் தாள் அதைக் குடிக்க வேண்டும். பளபளப்புத் தாள் குடிக்காது. மை மேலேயே உட்கார்ந்திருக்கும், தொட்டால் கையோடு வரும். அதிலும் அது கார்த்திகை மாசம், கடலூர் மழை. துவைத்த துணியே காயாத ஊரில் மை எங்கே காயும்? இருந்தாலும் அடித்தேன். தலைமுடி காயவைக்கும் டிரையரை ஒவ்வொரு அட்டைக்கும் காட்டி, மாடி அறை முழுக்க பழைய வேட்டிகளை விரித்துப் பரப்பினேன். அடித்ததில் பாதி நன்றாகக் காய்ந்தது. மீதிப் பாதி ஈரமாகவே இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் மாடியில இருக்குற அட்டைய யாரும் தொடாதீங்க" என்று கீழே எல்லோரும் இருக்கும்போது உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எனக்குத் தாம்பூலப் பை தைத்துத் தருகிற அக்காவைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால், பெரியம்மா என் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கிண்ணத்தில் மஞ்சள். அவளுடைய மகள், எனக்கு அக்கா முறை, கூட உட்கார்ந்து அட்டை எடுத்துக் கொடுக்கிறாள். அன்றைக்கு நல்ல நாளாம். ராகு காலம் வருவதற்குள் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிவிட வேண்டுமாம். தண்ணீராகக் கரைத்த மஞ்சளைக் கட்டை விரலால் தொட்டு, நாலு மூலையிலும் சொதசொதவென்று வைத்து, இடம் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பற்றாக்குறைக்கு மேலே ஒரு பலகையையும் வைத்திருந்தாள்.

நான் பலகையைத் தூக்கினேன். தோரணம் மேல் அட்டையின் முதுகில் இருந்தது. மாவிலைப் பச்சையும் மஞ்சளும் கலந்து பாசி படிந்த மாதிரி வழிந்திருந்தது. தவில் எது, நாயனம் எது என்றே தெரியவில்லை. அட ஆண்டவனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியம்மா அட்டையைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்துக்கொள்ளவில்லை. கீழே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருடி உம் பொண்ணு லட்சணத்த. அன்னிக்கே சொன்னேன், நல்ல காரியத்துல இவ கை படக் கூடாதுன்னு. மொத பத்திரிகையே இப்படி வுழுதுன்னா இன்னும் என்னென்ன ஆவுமோ."

"மஞ்சத் தண்ணிய ஊத்தி மேல பலகைய வச்சது என் கையா பெரியம்மா?" என்றேன். "காயாத மை மேல யாரு கைய வச்சாலும் இப்படித்தான் ஆவும். கலெக்டர் பொண்டாட்டி வச்சாலும் இப்படித்தான்."

"பாத்தியா வாய? இந்த வாய்தான் வாழ வுடல."

அம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குத் தெரியும். தொடாதே என்று சொன்னபோது அவளும் அங்கேதான் இருந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு, சாப்பிட வாங்க" என்றாள். சாப்பிட வாங்களாம்.

சனிக்கிழமை தம்பி வந்தான். வழிந்த அட்டைகளை அவன் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "வுடுக்கா, அவுங்க பெரியவங்க, தெரியாம பண்ணிட்டாங்க" என்றான்.

"தெரியாம பண்ணதுக்கு என் கைய ஏன்டா சொல்றாங்க? நீ போய் ஒரு வார்த்த கேளு."

"கேக்குறேன், கேக்குறேன். மார்கழி பொறந்துட்டா பத்திரிகைக்கு மஞ்சள் வைக்க மாட்டாங்க. அதுக்குள்ள நீ மறுபடியும் அடிச்சுடுவியா?"

"அடிச்சுடுவேன். தாளு நான் சொல்றதுதான். முடிச்சு?"

"அட, எத்தன தடவ கேப்ப? நீதான்க்கா."

அந்தத் தடவை நான் வேலை செய்தது போல அதற்கு முன்னும் செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டேன். பளபளப்பில்லாத, லேசாகச் சொரசொரக்கும் கெட்டித் தாளாகப் பார்த்து வாங்கி, பிரஸ்ஸில் நானே நின்று அடித்து வாங்கிவந்தேன். என் கை விளங்காத கை என்று சொன்னார்கள் அல்லவா? பார்த்துவிடலாம் என்று ஒரு வெறி.

அச்சைக் கொண்டுபோய் பேட்டில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் மை அடைந்து தவிலின் வாரெல்லாம் ஒரே மொத்தையாகிவிடும். அச்சை மல்லாக்கப் பிடித்து, பேட்டை எடுத்து அதன்மேல் மெல்லத் தட்ட வேண்டும், குழந்தை முதுகில் தட்டுகிற மாதிரி. எல்லா இடத்திலும் மை ஏறிவிட்டதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அட்டைக்கு அடியில் செய்தித்தாளை மடித்து மெத்தையாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் தரையின் மேடு பள்ளமெல்லாம் அச்சில் தெரியும். நேராக இறக்கி, ஆட்டாமல், உருட்டாமல், நாலு பக்கமும் விரலால் அமுக்கி, நேராகத் தூக்க வேண்டும். மனசில் கோபம் இருந்தால் கை ஆடும். அதனால் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடித்தேன், அடித்து முடித்துவிட்டுக் கோபப்பட்டேன். கொஞ்சம் அடித்ததும் ஈரத்துணியால் அச்சைத் துடைத்து, கோட்டு இடுக்கில் ஒட்டிய நூலைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்து, உலர்த்தி, வெறும் தாளில் ஒன்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அட்டை.

பிசிறில்லாமல் விழுந்தது. மாவிலையின் நரம்பு தெரிந்தது. விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், மை அசையவில்லை. பிறகு நானே பெரியம்மாவைக் கூப்பிட்டு, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து, "இப்போ வைங்க" என்றேன். வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கை ராசியைப் பற்றி அவளும் ஒன்றும் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள் மாதிரி.

கல்யாணத்துக்கு முதல் நாள் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி நகக்கண்ணில் இருந்த பச்சையைத் தேய்த்து எடுத்தேன். தாலிக் கயிறைத் தொடுகிற விரல் சுத்தமாக இருக்க வேண்டாமா?

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பக்கத்து மண்டபத்து மேளம் எங்கள் மண்டபத்துக்குள் கேட்டது. நான் மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே, "பத்திரிக நீதான் பண்ணியாமே? என்னா நேர்த்தி, என்னா சுத்தம். கொஞ்சம்கூட அப்பலயே" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. தம்பி தாலியைக் கழுத்தில் வைத்து முதல் முடிச்சு போட்டான். ஐயர் நிமிர்ந்து, "மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவுங்க யாரு? முடிச்சு போட வாங்கம்மா" என்றார். நான் குனிந்தேன். என் முழங்கையை ஒரு கை கெட்டியாகப் பிடித்தது. பெரியம்மா.

"நீ இரு" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அவளுடைய மகள் எனக்கு முன்னால் வந்து கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். கட்டியிருந்தது புதுப் பட்டு, பெண் வீட்டார் நாத்தனாருக்கென்று எடுத்துக் கொடுத்தது. அப்படியென்றால் இது அந்த நிமிஷத்தில் முடிவானது இல்லை. புடவை எடுத்த அன்றைக்கே முடிவாகியிருக்கிறது. அம்மாவைப் பார்த்தேன். அவள் குத்துவிளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள், நன்றாக எரிந்துகொண்டிருந்த திரியை.

தம்பி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் போதும், அந்தக் கையை உதறிவிட்டுப் போயிருப்பேன். பார்த்தான், பிறகு முன்னால் எரிகிற ஹோமத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கையிலிருந்த அட்சதையை எல்லோரும் போட்டபோது நானும் போட்டேன். கல்யாணப் பெண் என்ன பாவம் செய்தாள்?

சடங்கெல்லாம் முடிந்து இருவரும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்துகொண்டே வந்தார்கள். என்னிடம் வந்ததும் அந்தப் பெண் முதலில் குனிந்தாள். தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அடுத்து அவன் குனிந்தான். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோச்சுக்காதக்கா. பெரியம்மா ஒத்த கால்ல நின்னாங்க, நான் என்ன பண்றது?" என்றான்.

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முடிச்சு போட்ட அக்கா அங்க நிக்கிறா. போய் அவ கால்ல வுழு" என்றேன்.