வேன் குரூப்பில் வந்த குரல்கள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி ஆட்களான எங்களை ஏற்றிப்போன வேனை ஓட்டியவர் என் அப்பா. கழுத்தில் ஐடி கார்டோடு அவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போவது எனக்குப் பெருமை. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வேனில் வருகிற யாரும் அவருக்கு எழுதி அனுப்ப மாட்டார்கள். குன்றத்தூரை விட்டுக் கிளம்பியதும் வேன் வாட்ஸ்அப் குரூப்பில் குரல்களாக வந்து விழும். “அண்ணே, இப்பதான் குளிச்சேன், விட்டுட்டுப் போயிராதீக.” “அண்ணா, ஆஸ்டல் கேட்டாண்ட நிக்கிறேன்.” ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே பேசும். ஒரு கை ஸ்டியரிங்கில், மறுகையில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பார்.

“நைனா, கீழ வை. நான் கேட்டுச் சொல்றேன்.”

“நீ ஆபீசரு. உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? காதுதான் ஃபோன்ல கீது. கண்ணு ரோட்லதான் கீது.”

பின்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று இரண்டாம் ஷிப்ட். மண்டை பிளக்கும் வெயில். ஒரகடத்துக்கு முன்னால் ரோட்டோரம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு பைக் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். ஃபோனைக் காதில் வைத்திருந்த அப்பா பார்க்கவில்லை. “நைனா!” என்று கத்தி முடிப்பதற்குள் வேன் அதை இடித்துத் தள்ளிக்கொண்டுபோய், நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் வைத்து நசுக்கியது. என் நெற்றி கண்ணாடியில் மோதிப் பிளந்தது.

பைக் ஓட்டியவன் சீருடை போட்ட இளைஞன். அவனுடைய ஒரு கால் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் இருந்தது. அவன் அலறியதை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். நாலைந்து பேர் வேனைப் பின்னுக்குத் தள்ளி அவனை எடுத்தார்கள். மற்றவர்கள் கதவைப் பிய்த்து அப்பாவைக் கீழே இழுத்துப் போட்டார்கள்.

“குடிச்சிட்டு ஓட்டுறியாடா, தே...”

ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார்கள். செருப்புக்காலால் விலாவில் மிதித்தார்கள். நான் அவர்மேல் விழுந்து படுத்தேன். எனக்கும் ஒரு உதை விழுந்து உதடு கிழிந்தது. அவ்வளவு இரைச்சலிலும் வேனுக்குள் கீழே விழுந்த ஃபோன், ஏறுவதற்கு முன் அவரவர் அனுப்பியதையெல்லாம் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. “அண்ணா, டிபன் பாக்ஸ மறந்துட்டேன், ஒரு நிமிஷம்ணா.” சீட்டில் இருந்தவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் எங்களோடு வரும் அக்கா ஒருத்திதான் குனிந்து ஃபோனை எடுத்து ஆஃப் செய்து தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “பைக்குதான் திடீர்னு குறுக்க வந்துச்சி. எல்லாரும் அதான் சொல்லப்போறோம். நீயும் அதையே சொல்லு. இன்னா, புரிதா? உங்கப்பன் லைசென்சு போச்சின்னா சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?”

உள்ளே எஸ்.ஐ.யின் மேசை முன்னால் அடிபட்டவனின் அண்ணன் நின்றிருந்தார். தெற்கத்திக்காரர். சட்டை முழுக்கத் தம்பியின் ரத்தம். “குறுக்க வந்தான்னு எழுதிட்டா, தப்பு அவன் பேர்ல ஆயிருமாம்லா சார். நஷ்டஈடும் கெடைக்காதாம். கிடந்து துடிக்கான் சார். அவன் நேராத்தான் போயிருப்பான்.”

வேனில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குறுக்கே வந்தான் என்றார்கள். வீங்கி மூடிய கண்ணோடு அப்பா என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பையிலிருந்து ஃபோனை உருவி மேசைமேல் வைத்தேன்.

“அவர் நேராத்தான் போனார் சார். எங்கப்பா ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு இருந்தார்.”

எல்லார் முன்னாலும் அப்பா என்னை அறைந்தார். கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது. “இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன்?”

“இதுக்குந்தான் நைனா.”

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. லைசென்ஸ் போனது. வேனுக்கு வேறு டிரைவர் வந்தார். ஒருநாள் நான் ஷிப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கட்டிலில் கிடந்த என் ஃபோன், கை தவறிப் பட்டதில், குரூப்பில் வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தது. “புது அண்ணே, இப்பதான் கெளம்புதேன், நில்லுங்கண்ணே.” “அண்ணா, ஆஸ்டல் கேட்டாண்ட...”

அப்பா எழுந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தார். ஃபோனைத் தரையில் போட்டு அடித்தார். அது வாயை மூடிய பிறகும் அடித்தார். சிமெண்டுத் தரை பெயர்ந்தது. அவர் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் நகரவில்லை.

கை ஓய்ந்ததும் அந்தத் தூளின் நடுவிலேயே உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள காலு?” என்று கேட்டார்.

“எடுத்துட்டாங்க நைனா.”

“நீ போய்ப் பாத்தியா?”

“பாத்தேன்.”

ஸ்பேனரை என் பக்கம் தள்ளினார். “என்னியும் இட்டுக்கினு போ.”