கை கடுக்கும்வரை

முதலில் வெப்பமானியைக் கயிற்றில் கட்டிப் பாலத்தடியில் இறக்குவார் நெவில். அது தண்ணீரில் ஊறட்டும் என்று விட்டுவிட்டு, வலது சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி, கரைக்கல்லில் மண்டியிட்டு, கையை மணிக்கட்டுவரை ஆற்றுக்குள் விடுவார். விரல்களை அகல விரித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவார். எலும்பு கடுக்க ஆரம்பிக்கும் எண்ணில் கையை எடுத்துவிடுவார். கோடையில் இருநூறைத் தாண்டினாலும் கடுக்காது. அங்கே இலையுதிர்காலமான ஏப்ரலில் எழுபது, அறுபது என்று இறங்கும். நாற்பதுக்குக் கீழே போய்விட்டால் ஒரு நல்ல மழை போதும். ஜிண்டபைன் ஏரியிலிருந்து பழுப்பு ட்ரவுட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறிவிடும்.

பிறகு தன் தூண்டில் கடைக்குத் திரும்பி, வாசல் கரும்பலகையில் எழுதுவார். தண்ணீர் பதினொன்றரை டிகிரி. மட்டம் குறைவு. கலங்கல் இல்லை. கை எழுபத்திரண்டு. வெள்ளிக்கிழமை மாலை உள்ளூர் வானொலிக்காரர்கள் தொலைபேசியில் கேட்டு அதை அப்படியே வாசிப்பார்கள். 'கை' என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏதோ கருவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பலகையில் ஒரு பொய் ஏறியதில்லை. மீன் எந்த மடுவில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார். அது வேறு விஷயம்.

அந்த வருஷம் இலைகள் பழுத்து உதிர்ந்தன, மழை மட்டும் வரவில்லை. பக்கத்து ஊர் கூமாவின் ஆஸ்பத்திரியில் லான்ஸ் நுரையீரல் கைவிட்டுப் படுத்திருந்தார். நெவிலோடு நாற்பது இலையுதிர்காலம் ஒரே ஆற்றில் இடுப்பளவு நின்றவர்.

"ஏறிடுச்சா?" நெவில் உள்ளே நுழைந்ததும் இதுதான் முதல் கேள்வி.

"எங்கடா ஏறுது. எல்லாம் ஏரி வாயிலயே நிக்குது. தண்ணி இன்னும் பதினொண்ணு."

"ஆத்துலதான் கைய விட்டியா? இல்ல உன் பொண்டாட்டி குளிக்க ஊத்தி வச்ச தண்ணில விட்டியா?"

"பேசாம மூச்ச விடு."

"அத விடத்தான்டா படுத்திருக்கேன், எருமை." சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த வருஷம் ஏறிடுச்சுன்னு ரேடியோ சொல்றதக் காதால கேட்டுட்டுப் போயிடணும் நெவில். பாக்கக்கூட வேணாம்."

வராந்தாவில் நர்ஸ் யூனிஸ் நெவிலைத் தனியாக நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமையத் தாண்டறது கஷ்டம். தெரிஞ்சு வச்சுக்கங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆற்றில் கல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கை எண்பது. மாலையில் வானொலிக்காரன் கூப்பிட்டான். நெவில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி எட்டு டிகிரி. ராத்திரி மலைமேல மழை. மட்டம் ஏறுது. பழுப்பு மீன் ஆத்துக்குள்ள வந்துடுச்சு. அவ்வளவுதான்." போனை வைத்துவிட்டு, வாசல் பலகையிலும் அதையே எழுதினார்.

சனிக்கிழமை விடியும்போதே கான்பராவிலிருந்து தூண்டில்காரர்களின் கார்கள் வரிசையாக வந்தன. பத்து மணிக்கு ஒருவர் நனையாத பூட்ஸோடு கடைக்குள் வந்தார். "ஏன்யா, எந்த ஆத்தச் சொன்னே? உன் கனவுல ஓடுதே, அதையா?"

"தப்பு என்னோடது," என்றார் நெவில். வெளியே போய்ப் பலகையை ஈரத்துணியால் துடைத்தார்.

மதியம் ஆஸ்பத்திரியில் லான்ஸின் குரல் மிகவும் அடியில் கிடந்தது. "எத்தன பவுண்டு?"

"முன்னாடி வந்தது ஏழு இருக்கும். கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைஞ்சு."

"ஆம்பள," என்று லான்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். நெவிலின் வலது கையை இழுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. மறுநாள் விடியுமுன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. ஆறு தேநீர் நிறத்தில் பொங்க, மீன்கள் முதுகு தெரிய ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. நெவில் பாலத்தில் தனியாக நின்று பார்த்தார். கை முப்பத்துநான்கு. பலகையில் எழுதினார். அன்று ஒரு கார்கூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

குளிர்காலம் முற்றிய ஜூலையில், ஏரிக்கரையெல்லாம் பனி விழுந்து கிடந்தபோது, யூனிஸ் கடைக்கு வந்தார். கட்டிலடியில் கிடந்ததாம், லான்ஸின் தூண்டில் டப்பா. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை ரேடியோவ அவர் தலமாட்டுல நாந்தான் வச்சேன். கேட்டு முடிச்சதும் சிரிச்சாரு. 'கைக்கணக்கச் சொல்லலையே சிஸ்டர். அதுல மட்டும் அவனுக்குப் பொய் வரல'ன்னாரு. அப்புறம், 'நாளைக்கு வருவான், எத்தன பவுண்டுன்னு நான் கேக்கணும், மறந்துட்டா ஞாபகப்படுத்துங்க'ன்னாரு."