லோக்கலில் நின்ற சாவி

சாவியை 'லோக்கல்' பக்கம் திருப்பி, உருவி, மேல்கோட்டுப் பையில் போட்டு, பைக்கு வெளியே இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் பராமரிப்பு வேலைக்குக் காத்திருக்கும் ஆட்களைப் பார்த்து, "ம், இப்ப கை வைங்க" என்பார். துணை மின்நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம். எல்லோருக்கும் அவர் சாவியக்கா.

விஷயம் எளிது. அங்குள்ள பிரேக்கர்களை, அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை, இரண்டு இடங்களிலிருந்து இயக்கலாம். ஒன்று, இங்கேயே கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னால் நின்று. இன்னொன்று, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தலைமைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து. ஒரே நேரத்தில் இருவருக்கும் அதிகாரம் கிடையாது. சாவி லோக்கலில் நின்றால், தூரத்திலிருந்து வரும் கட்டளையைக் கருவி பணிவாகக் கேட்டுக்கொள்ளும், செய்யாது. இங்கே ஒருவர் கையை உள்ளே விட்டிருக்கும்போது எங்கோ ஒருவர் பொத்தானை அழுத்திவிடக் கூடாதல்லவா?

வேலையில்லாத பிற்பகல்களில் ரிலே அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பார். மின்மாற்றியின் ரீங்காரம் சுவர் வழியாக வந்து நாற்காலியில் ஏறும். கண் பாதி செருகிவிடும். பச்சை விளக்குகள் சிமிட்டச் சிமிட்ட, அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். கோளாறு வருகிறதா என்று காவல் காக்கும் ரிலே கருவிகள் ஓயாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும், ஒன்றுமே நடக்காவிட்டாலும். "என்னத்தப் பெரிசாப் பேசப்போகுதுங்க? 'இருக்கியா, இருக்கேன்', அவ்வளவுதான். எங்க வீட்லயும் இப்ப அதுதான் பேச்சு" என்பார்.

வீட்டிலிருப்பவர் அவருடைய கணவர், தையற்காரர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. "அந்தக் கையாலயே செய்ய விடுங்கம்மா. ஆறு மாசத்துக்குள்ள பழகினாத்தான் உண்டு. அப்புறம் கை மறந்துடும்" என்று பயிற்சி கொடுக்க வருபவர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். சாவியக்காவா கேட்பவர்? தண்ணீர் டம்ளர் தானாக வாய்க்குப் போகும். தலை வாரப்படும். சட்டைப் பித்தான் ஐந்தும் கண் மூடித் திறப்பதற்குள் போடப்பட்டுவிடும்.

"விடு, நான் போடுறேன்" என்று கணவர் குழறுவார்.

"சும்மா இருங்க. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

அத்தனையும் பாசம்தான். கூடவே அவசரம்.

போன வாரம் பராமரிப்பு வேலை முடிந்து ஆட்கள் போனபின், சாவியைத் தலைமை அறைக்கு அதிகாரம் தரும் 'ரிமோட்'டுக்குத் திருப்ப மறந்துவிட்டார். அது பையிலேயே கிடக்க, ரீங்காரத்தில் மிதந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தலைமை அறைத் தம்பி. பன்னிரண்டு வருஷமாகக் குரல் மட்டுமே பழக்கம், முகம் தெரியாது.

"அக்கா, மூணு தடவ கட்டளை குடுத்துட்டேன். உங்க பிரேக்கர் அசையல. லோக்கல்னு திருப்பி அனுப்புது. ஸ்கிரீன்ல எல்லாம் தெரியுது, ஒண்ணும் செய்ய முடியல. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பார். எழுந்துபோய்ச் சாவியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டு 'ரிமோட்'டுக்குத் திருப்பினார். தம்பி மறுபடி கட்டளை கொடுக்க, வெளியே பிரேக்கர் டம்மென்று மூடிக்கொண்டது. ஆனால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும் கணவரின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. தொலைபேசியை மறுபடி எடுத்தார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. இத்தன நாளா நானே வச்சிக்கிட்டேன்."

"நாளாவா? பத்து நிமிஷந்தானேக்கா" என்றான் அவன்.

மறுநாள் காலை, சட்டையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"என்னங்க, நீங்களே போட்டுக்குங்க."

கணவர் சந்தேகமாகப் பார்த்தார். "ஷிஃப்டு?"

"அது கெடக்கு."

வலது கை விரல்கள் பித்தானைத் தேடின, பிடித்தன, நழுவவிட்டன, மறுபடியும் தேடின. மேல்கோட்டும் செருப்புமாக வாசலில் நின்ற சாவியக்காவுக்குக் கை துறுதுறுத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஐந்தாவது பித்தான் போட்டு முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. கணவர் மெல்ல எழுந்து கண்ணாடியில் பார்த்தார். சட்டையின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிக் கிடந்தது. முதல் பித்தானே துளை மாறியிருந்தது. முப்பது வருஷம் தெருவுக்கே சட்டை தைத்தவர், விடுவாரா? மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

தெருமுனையில் ஷிஃப்டுக்குப் போகும் பேருந்து ஹாரன் அடித்தது. சாவியக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.