இரண்டு நாட்காட்டிப் பரந்தாமன்

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பரந்தாமன் காரைப் பின்னால் எடுத்துத் தெருவுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். இடமும் வலமும் பார்ப்பார். ஒரு வீட்டிலும் விளக்கு இருக்காது. "இன்னிக்கு லீவோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இல்ல, வேலதான்" என்று கிளம்புவார். இருபத்திரண்டு வருடமாக இதே கதை.

தப்பு அவர் மேல் இல்லை. வீடு கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வேலை மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. அங்கே சனியும் ஞாயிறும். மனைவி தவமணி என்னோடு இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டுக்குப் பாடம் எடுப்பவர். அவருக்குக் கெடா கணக்கு. ஆக, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான். அதுவும் துணி துவைப்பதிலும் சந்தைக்குப் போவதிலும் யாராவது வீட்டுக் கல்யாணத்திலும் தீர்ந்துபோகும்.

பக்கத்து வீடு என்பதால் எல்லாம் என் கண்ணில் படும். ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகள் சீருடையில் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்த மனிதர், பதறியடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு பிறைக்கு ஓட்டிப் போய்விட்டார். தொழிற்சாலைக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி ஹாஷிம் ஒரு காப்பியைக் கையில் கொடுத்து, "வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டாராம்.

"சண்ட போடவாவது ரெண்டு பேரும் ஒரே நாள்ல வீட்டுல இருக்கணும் லா" என்றாராம் இவர்.

அவர்கள் சமையலறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள். ஒன்று பினாங்குக் கடை கொடுத்தது, மற்றது கெடாக் கடை கொடுத்தது. அடுத்த வருடத்துப் பொது விடுமுறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, டிசம்பரில் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். சிவப்பு அவருக்கு, பச்சை தவமணிக்கு. வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். தெரியாத்தனமாக நான் ஒருமுறை விளக்கம் கேட்டுவிட்டேன்.

"இங்க பாருங்க டீச்சர். பொது லீவு ஞாயித்துக்கெழம வந்துச்சுன்னா, எனக்குப் பதிலுக்குத் திங்கக்கெழம. அவளுக்கு அந்த ஞாயிறு மட்டுந்தான், திங்க ஸ்கூலு. அதுவே வெள்ளிக்கெழம விழுந்துச்சுன்னா, அவளுக்குப் பதிலுக்கு ஞாயிறு. எனக்குச் சும்மாவே சனி ஞாயிறு. அப்ப ரெண்டு பேருக்கும் மூணு நாளு. புரியுதா?"

புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். "அப்ப கெடா சுல்தான் பொறந்தநாளு?" என்றேன்.

"அது ஒங்களுக்கு மட்டும். பினாங்கு ஆளுநர் பொறந்தநாளு எனக்கு மட்டும். அதையெல்லாம் இதுல சேக்காதீங்க, கொழம்பிரும்" என்றார், ஏற்கெனவே குழம்பிப்போன முகத்தோடு.

இந்த வருடம் மே ஒன்று, தொழிலாளர் தினம், வெள்ளிக்கிழமை. டிசம்பரிலேயே என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். கேமரன் மலையில் இரண்டு இரவுக்கு அறையும் போட்டுவிட்டார். தவமணிக்கு மலை பார்ப்பதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னார்: "போன சனிக்கெழம அவரு தூங்கறப்ப பாத்தேன் டீச்சர். தல இவ்வளவு நரச்சது எனக்கே தெரியல. மூணு நாளு சேந்தாப்பல அந்த மூஞ்சியப் பாக்கணும், அவ்வளவுதான்." கட்டுரை நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நோன்புப் பெருநாளை ஒட்டி எங்கள் பள்ளி ஒரு நாள் கூடுதலாக விடுமுறை விட்டது. அப்படி எடுத்த நாளை ஒரு சனிக்கிழமை பள்ளி நடத்தி ஈடுகட்டியாக வேண்டும். எந்தச் சனி என்று ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கேட்டார். விளையாட்டுப் போட்டிக்கும் பெற்றோர் சந்திப்புக்கும் போக மிஞ்சியது மே இரண்டு. "சரிங்களா?" என்றார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன். தாள் திருத்திக்கொண்டிருந்த தவமணியும் நிமிராமலே தூக்கினார்.

அந்தக் கூடுதல் விடுமுறை நாளில் தவமணி வீட்டில் தனியாகத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். பரந்தாமன் பிறையில் வேலையில் இருந்தார்.

ஏப்ரல் கடைசியில், மே இரண்டு பள்ளி உண்டு என்று அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டினார்கள். தவமணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "நானேதான டீச்சர் கை தூக்குனேன்?" என்றார். விடுப்புக் கேளுங்கள் என்றேன். "தூக்குன கையால எப்பிடி எழுதிக் குடுக்கறது?" என்று போய்விட்டார். மதியம் புறப்பட்டு மறுநாள் திரும்புவதற்கு அந்த மலை ஒன்றும் பக்கத்தில் இல்லை. அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பரந்தாமன் இரண்டு நாட்காட்டிகளையும் கழற்றி மேசையில் வைத்து மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பினாங்குலயும் போடல. கெடாவுலயும் போடல. இந்த நாளு எங்கேர்ந்து டீச்சர் வந்துச்சு? யாரு மேல கோவப்படறதுன்னே தெரியலையே" என்றார். நானும் கை தூக்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மே இரண்டாம் தேதி தவமணியைக் காரில் கொண்டுவந்து விட்டவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. பள்ளிக் கதவுக்கு எதிரே, நிழலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். தவமணி வகுப்பில் முப்பது பேரில் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். ஓய்வு நேரத்தில் கதவருகே எனக்குக் காவல் முறை. தவமணி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு கறிபாப்பும் ஒரு பொட்டலம் தேநீரும் வாங்கிக்கொண்டு போய்க் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்; கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஏங்க, வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"போயி? இன்னிக்குச் சனிக்கெழமதான?"

"ஆமா."

"நல்லாத் தெரியுமா?"

"சனிதாங்க."

"அப்ப நம்ம நாளுதான்" என்று அவர் ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டார்.

தவமணி மற்றதை எடுத்தார். தின்றார்கள். தவமணி அவர் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள்; தவமணி காரைவிட்டு இறங்கவில்லை. பழைய கார் அது, கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். பரந்தாமன் குறுக்கே சாய்ந்து, மனைவி பக்கத்துக் கண்ணாடியை மெல்லச் சுற்றி, முழுக்க மேலே ஏற்றினார்.